நண்டுக்கு வந்த வீட்டுத்திட்டம்

மாடு எங்கே வசிக்கும் என்று வதனி ரீச்சர் கேட்டாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "ரோட்டில!" என்றார்கள்.

சுவரில் கொழுவியிருந்த பெரிய வண்ணப் படத்தை அவள் தடியால் தொட்டுக் காட்டினாள். அதில் பல மிருகங்களுக்கு நடுவில், ஓலை வேய்ந்த தொழுவத்துக்குள் ஒரு மாடு வைக்கோல் தின்றுகொண்டு நின்றது.

"வடிவாப் பாருங்க. மாடு தொழுவத்தில வசிக்கும்."

"இல்ல ரீச்சர், ரோட்டிலதான். பஸ்காரன் ஹோன் அடிச்சாலும் எழும்பாது" என்றான் நிதுர்ஷன். அவனுக்கு முன்பல் இரண்டும் பூச்சி அரித்து விழுந்திருந்ததால், பஸ் என்ற சொல் காற்றாகவே வந்தது.

"சரி. நாய்?"

"பஸ் நிக்கிற இடத்தில."

"கோழி?"

"கறிச்சட்டியில!"

"பென்குயின்?"

முன்வரிசையில் இருந்த டிலுக்சி படத்தை நன்றாகப் பார்த்து, யோசித்து, "அது ரீவியில வசிக்கும் ரீச்சர்" என்றாள்.

பின்னால் நின்று பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்த புளோறன்ஸ் அன்ரி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் அந்த முன்பள்ளியின் உதவி ஆசிரியை. மட்டக்களப்புப் பட்டினத்துப் பறங்கிக் குடும்பத்துக்காரி. ஐம்பது வயது கடந்தும் பூப்போட்ட கவுனும் சிரிப்பும் குறையாதவள். "ஒண்டும் பிழையாச் சொல்லல்லியே வதனி" என்றாள். "இந்த ஊர்ப் பிள்ளையள் கண்டதத்தானே சொல்லுதுகள்."

வதனி கிரான்காரி. வயல்வட்டையும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். தை மாதம்தான் இந்த முன்பள்ளிக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் கிரானில் பஸ் ஏறி, செங்கலடியில் மாறி, பட்டினத்தில் இன்னொரு பஸ் பிடித்து, பாலம் கடந்து வருவாள். முன்பள்ளி இருந்த ஊர் உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கீற்றுப்போலக் கிடந்தது. முன்வாசலால் பார்த்தால் களப்பு, பின்வாசலால் போனால் கடற்கரை. அவளுக்கு இரண்டும் இன்னும் பழகவில்லை.

பழகாத இன்னொன்றும் அங்கே இருந்தது. அலுமாரிக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று சான்றிதழ்கள். முந்தி இருந்த புஸ்பம் ரீச்சர் பிரதேசத்துச் சுவர் அலங்காரப் போட்டியில் மூன்று முறை வாங்கியவை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் அதைப் பார்க்காமல் போகமாட்டார்கள். "புஸ்பம் ரீச்சர் இருந்த நேரம்..." என்று தொடங்குவார்கள். ஒருவரும் வதனியைக் குறை சொல்வதில்லை. புஸ்பம் ரீச்சரைப் புகழ்வார்கள், அவ்வளவுதான். அதுவே வதனிக்குப் போதுமாக இருந்தது.

இந்த ஆண்டுப் போட்டியின் தலைப்பு வந்தபோது, அது அவள் படிப்பித்துக்கொண்டிருந்த பாடமாகவே இருந்தது: விலங்குகளும் அவற்றின் வீடுகளும்.

வதனி அன்றே முடிவெடுத்தாள். கடதாசிப் பூவும் ஒட்டுப் படமும் எல்லாரும் செய்வது. இங்கே கடற்கரை முழுக்க ஊரி கிடக்கிறது, கடல் ஒதுக்கிய குட்டிச் சங்கு ஓடுகள். வெள்ளை, மஞ்சள், கபிலம், கோடு போட்டது, புள்ளி போட்டது. அந்த ஊரிகளைக் கம் பூசி ஒட்டியே ஒரு பெரிய படம் செய்துவிட்டால் என்ன?

புளோறன்ஸ் அன்ரியின் கணவர் ஹியூபர்ட் அங்கிள் தச்சுவேலைக்காரர். ஒரு முழுப் பலகையில் சட்டம் அடித்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து தந்தார். "புள்ள, இது நல்ல பாரம். ஒண்டுக்கும் விழாது" என்றவர், வதனி பென்சிலால் கீறியிருந்த மாட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆமையா?" என்று கேட்டார். வதனி மாட்டின் காலை நீளமாக்கினாள்.

பிள்ளைகளுக்கு ஊரி பொறுக்குவது என்றால் சொல்லவா வேண்டும்? பள்ளி விட்டதும் கரையில்தான் நின்றார்கள். பைக்குள், சட்டைப் பொக்கற்றுக்குள், சோற்றுப்பெட்டிக்குள், ஒரு பிள்ளை தொப்பிக்குள், எல்லாம் ஊரி. டிலுக்சியின் அப்பா ரதீஸ் தோணிக்காரர். அவர்கூட வலை இழுத்து முடித்து வரும்போது சாரன் மடியில் ஒரு குவியல் கட்டிக்கொண்டு வந்து, "ரீச்சர், நம்மட பிள்ளை விடுறாளில்ல" என்று கொட்டிவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குள் கரையில் நல்ல ஊரி ஒன்றும் மிச்சமில்லை என்று பிள்ளைகள் பெருமையாகச் சொன்னார்கள். வதனியும் பெருமைப்பட்டாள்.

பலகையில் மாடும் தொழுவமும் எழும்பின. மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கியது. புற்றும் பாம்பும், கூடும் கோழியும், காடும் யானையும் ஒவ்வொன்றாக வந்தன. யானைக்குக் கண் வைத்த அன்று புளோறன்ஸ் அன்ரியே, "இந்த முறை புஸ்பத்தின்ட சட்டத்துக்குப் பக்கத்தில ஒரு ஆணி அடிக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

மிச்ச ஊரிகள் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் மூலையில் இருந்தன. சனி ஞாயிறு முடிந்து, திங்கட்கிழமை காலை வதனி கதவைத் திறந்தபோது வாளி சரிந்து கிடந்தது. ஊரிகள் தரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. எலியின் வேலை என்று நினைத்து, தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கூட்டிய குவியலிலிருந்து ஓர் ஊரி எழும்பி, அவளுடைய காலை நோக்கி நடந்து வந்தது.

வயலில் நண்டு பார்த்தவள்தான் வதனி. பாம்பையும் விலத்திப் போனவள்தான். ஆனால் ஓர் ஊரி நடந்து அவள் கண்டதில்லை. "ஐயோ அம்மோ!" என்று ஒரு பிள்ளைக் கதிரையில் ஏறினாள். அந்தக் குட்டிக் கதிரை அவள் பாரத்துக்கு ஆடியது. தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள்.

வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு நிதுர்ஷன் வந்து, அந்த ஊரியை இரண்டு விரலால் தூக்கி, தன் உள்ளங்கையில் வைத்து அவளுக்குக் காட்டினான். அதற்குள்ளிருந்து சிவப்புக் கால்களும் ஒரு கொடுக்கும் எட்டிப் பார்த்தன.

"ஊரி நண்டு ரீச்சர்" என்றான். "கடிக்காது. கொஞ்சம்தான் கடிக்கும்."

அன்று முழுக்க அந்தக் கதை ஓயவில்லை. பாட்டுப் பாடச் சொன்னால் ஒருத்தி கதிரையில் ஏறி நின்று, "ஐயோ அம்மோ!" என்றாள். விளையாடச் சொன்னால் எல்லாரும் கதிரையில் ஏறினார்கள். புளோறன்ஸ் அன்ரி, "நான் ஒண்டும் பார்க்கல்ல வதனி, அப்பதான் வந்தன்" என்று சொல்லிக்கொண்டே, "எந்தக் கால்ல நிண்ட நீ, இடதா வலதா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வதனி போனை எடுத்து அந்த நண்டைப் பற்றி வாசித்தாள். ஒருவகை வெட்கத்தில்தான் தொடங்கினாள். செங்கலடி வந்ததும் இறங்க மறந்துவிட்டாள். அந்த நண்டுக்கு முன்பக்கம்தான் ஓடு, பின்பக்கம் வெறும் தசையாம். செத்துப்போன ஊரியின் வெற்று ஓட்டைத் தேடிப் பிடித்து, அதற்குள் தன் பின்பக்கத்தைச் சுருட்டி வைத்துக்கொள்ளுமாம். தமிழில் அதற்குத் துறவி நண்டு என்று பெயராம்.

மறுநாள் அவள் இதைச் சொன்னபோது புளோறன்ஸ் அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்ட முதுகில தூக்கிக்கொண்டு திரியிறவருக்கு ஆருகா துறவி எண்டு பேர் வைச்ச? எங்கட ஹியூபர்ட்டுக்கும் அந்தப் பேர வைக்கலாம்."

ஆனால் பாடம் நன்றாகப் போனது. வதனியே எதிர்பார்க்காத அளவுக்குப் போனது.

"நண்டு வளரும். ஊரி வளருமா?" என்று கேட்டாள்.

"வளராது!"

"அப்ப என்ன செய்யும்? உங்களுக்குச் சட்டை கட்டையாப் போனா அம்மா என்ன செய்வா?"

"தம்பிக்குக் குடுப்பா" என்றாள் டிலுக்சி. "எனக்கு மாமிட மகள்ட சட்டை வரும்."

"அதேதான்! பெரிய நண்டு பெரிய ஊரிக்குப் போகும். அது விட்ட ஊரிக்கு நடு நண்டு வரும். நடு நண்டு விட்டதுக்குச் சின்ன நண்டு வரும்."

இதை விளையாடிப் பார்த்தார்கள். வாளி, சோற்றுப்பெட்டி, பாய், மேசைக்கு அடி, எல்லாம் ஊரி. பிள்ளைகள் நண்டு. வதனி கைதட்டினால் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது வீடு மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வீடில்லாமல் நடுவில் நிற்க, மற்றவர்கள் கூக்குரல் போட்டார்கள். நிதுர்ஷன் இரண்டு முறை வீடில்லாமல் போய், மூன்றாம் முறை புளோறன்ஸ் அன்ரியின் கவுனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இதுதான் என்ட ஊரி" என்றான்.

அந்த உற்சாகத்தில், அடுத்த நாள் வெயில் ஏறுமுன் எல்லாரையும் வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். உயிரோடு பார்த்தால் நன்றாக விளங்கும் என்றுதான். அங்கேதான் பிழையாகிப் போனது.

அடம்பன் கொடிக்குக் கீழே, நிழலில், நண்டுகள் இருந்தன. பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்தார்கள். ஒன்று உடைந்த ஊரிக்குள் இருந்தது. அதன் முதுகு ஓட்டை வழியே வெளியே தெரிந்தது. இன்னொன்று தன் உடம்புக்குப் போதாத குட்டி ஊரி ஒன்றில் பின்பக்கத்தை மட்டும் செருகிக்கொண்டு நடந்தது. மூன்றாவதைக் கண்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அது பற்பசைக் குழாயின் வெள்ளை மூடி ஒன்றை மாட்டிக்கொண்டு, மணலில் மூடி உரச உரச நடந்து போனது.

வதனியும் சிரித்தாள்.

"ஏன் ரீச்சர் அவர் மூடிக்குள்ள இரிக்கார்?" என்றாள் டிலுக்சி.

"அவருக்கு ஊரி கிடைக்கல்ல போல."

"ஏன் கிடைக்கல்ல?"

வதனி கரையைப் பார்த்தாள். வெறும் மணல். அலை வந்து போன இடத்தில் நுரையும், ஒரு பழைய செருப்பும். கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு நல்ல ஊரி ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளும் பார்த்தார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது.

"நாம எடுத்திட்டம்."

திரும்பி வரும்போது வரிசை அமைதியாக வந்தது. அது அந்த வகுப்பில் அதுவரை நடக்காத விஷயம்.

வதனி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கடல் என்றால் இன்னும் ஊரி ஒதுக்கும். வெள்ளிக்கிழமை நடுவர் வருகிறார். அது முடியட்டும், பிறகு பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக, ஒரு முரண்டும் இல்லாமல் தலையாட்டினால் சந்தேகப்பட வேண்டும் என்று புளோறன்ஸ் அன்ரிக்குத் தெரியும். வதனிக்கு இன்னும் தெரியாது.

அன்று மத்தியானம் மாட்டுக்கு ஒரு காது இல்லை. அதற்குப் பிறகு பார்த்தால் கோழிக்கு வால் இல்லை. அடுத்த நாள் காலை யானையின் தும்பிக்கை பாதியோடு நின்றது.

"கம் சரியில்ல அங்கிள்" என்று வதனி ஹியூபர்ட் அங்கிளுக்குப் போன் எடுத்து முறைப்பட்டாள். அவர் வந்து, மிச்ச ஊரிகளை விரலால் அசைத்துப் பார்த்து, அசையாததைக் கண்டு, "கம் நல்லாத்தான் இரிக்கு" என்றார். "ஆனா கம்முக்குத் தெரியாம ஆரோ கழட்டியிருக்காங்க." சொல்லிவிட்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே நிதுர்ஷன் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவன் காற்சட்டைப் பொக்கற் கலகலவென்று சத்தம் போட்டது.

வதனி அவனை மடியில் இருத்திக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. "மாட்டுக்கு ரெண்டு காது இரிக்குத்தானே ரீச்சர். ஒண்டு போதும்" என்றான்.

"யானை?"

"யானைக்குத் தும்பிக்கை நீளம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தான்: "வால டிலுக்சி எடுத்த. நானில்ல."

பல் இல்லாத அந்த வாயைப் பார்த்து ஏசுவது எப்படி என்று வதனிக்குத் தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது உண்மை. பிள்ளைகள் மேலல்ல. மூன்று சட்டங்களும் அலுமாரிக்கு மேலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொக்கற்றிலிருந்த ஊரிகளை வாங்கி மேசையில் வைத்தாள். பள்ளி விட்டதும் திரும்ப ஒட்டிவிடலாம் என்று இருந்தாள்.

பள்ளி விட்டு, பிள்ளைகள் போன பிறகு பார்த்தால், மூலையில் ஒரு பேசினுக்குள் மணலும், மணலுக்கு மேல் பற்பசை மூடி நண்டும் இருந்தது. டிலுக்சியின் வேலை. அதற்கு ஒரு பிஸ்கட் துண்டும் வைத்திருந்தாள்.

"இதக் கரையில கொண்டு விடவேணும்" என்றாள் வதனி.

"விடலாம்" என்றாள் புளோறன்ஸ் அன்ரி, கதிரைகளை அடுக்கிக்கொண்டு. "அதுக்கு முன்ன உன்ட மாட்டின்ட காத ஒருக்கா உள்ளுக்கு வைச்சுப் பார்."

"என்னத்துக்கு?"

"சும்மா. எடுக்காட்டித் திரும்ப ஒட்டு."

வதனி வைத்தாள். மாட்டின் காது கபில நிறத்தில், சுழித்த வாயோடு, நண்டின் முன்னால் கிடந்தது. முதலில் நண்டு அசையவில்லை. பிறகு மெல்ல வந்தது. நீண்ட மீசை இரண்டாலும் ஊரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. காலால் உருட்டியது. வாய்க்குள் கொடுக்கை விட்டு அளந்தது, எடுத்தது, மறுபடி விட்டது. வீடு பார்க்க வந்த மாமியாரைப்போல எல்லா மூலையும் தடவியது. மண் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிக் கழித்தது. வதனி தன்னை அறியாமல் குனிந்து, தரையில் முழங்காலை ஊன்றியிருந்தாள்.

பிறகு ஒரு கண் இமைப்பில் அது நடந்தது. நண்டு மூடியை விட்டு வெளியே வந்தது. அதன் பின்பக்கம் வெளிச்சத்தில் தெரிந்தது. மெல்லிய, வெளிறிய, சுருண்ட சிறு தசை. பிறந்த குழந்தையின் விரலைப்போல. ஓர் எறும்பு கடித்தாலே செத்துவிடும் போலிருந்தது. அதைக் கண்டதும் வதனிக்கு, யாரோ உடுப்பு மாற்றும்போது அறைக்குள் நுழைந்துவிட்டதுபோல முகம் சுட்டது. அவள் கண்ணைத் திருப்புவதற்குள் நண்டு மாட்டின் காதுக்குள் போய்விட்டது. உள்ளே இரண்டு முறை அசைந்து சரிசெய்தது. பிறகு கால்கள் எல்லாவற்றையும் வெளியே போட்டு, பேசினைச் சுற்றி ஒரு நடை நடந்தது. முந்திய நடை அல்ல அது. இப்போது சத்தமே இல்லை.

வதனி வெற்று மூடியைக் கையில் எடுத்தாள்.

"மூடிக்குள்ள எப்பிடி அன்ரி இவ்வளவு நாளும் இருந்திருக்கும்?"

"இருந்திரிக்கும். வேற வழியில்லாட்டி ஆரும் இருப்பாங்க." புளோறன்ஸ் அன்ரி கடைசிக் கதிரையையும் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். இந்த முறை பகிடி விடவில்லை. "என்ன செய்யப் போற?"

வதனி பலகையைப் பார்த்தாள். மாடும் யானையும் பாம்பும் கோழியும். எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தாள், வேறு யாருடையதோ வீடுகளைக் கொண்டு.

"சுடுதண்ணி வைங்க அன்ரி" என்றாள். "கம் ஊறினாத்தான் கழரும்."

அந்தப் பின்னேரம் மூன்று பேரும் இருந்து கழற்றினார்கள். ஹியூபர்ட் அங்கிள் உளியும் சின்னத் தூரிகையும் கொண்டு வந்து, ஒவ்வோர் ஊரியின் வாயிலும் கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துப்புரவாக்கினார். "என்ட ஆயுளில கதவு நிலையெல்லாம் செய்திரிக்கன். நண்டுக்கு வாசல் துடைக்கிறது இதுதான் முதல் தரம்" என்றார். யானையின் கண்ணைக் கழற்றும்போது மட்டும் வதனி கொஞ்சம் தயங்கினாள். அது நல்ல வடிவாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நடுவராக வல்லிபுரம் சேர் வந்தார். பிரதேசத்து முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். மடிப்புக் கலையாத சேட்டு, பளபளக்கும் சப்பாத்து, சிரிக்காத முகம். வகுப்புக்குள் வந்து பலகையின் முன் நின்றார். பலகையில் பென்சில் கோடுகளும், காய்ந்த கம் திட்டுகளும், மேலே "விலங்குகளும் அவற்றின் வீடுகளும்" என்ற வாசகமும் மட்டும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ன?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"இதில மாடு இருந்த சேர்" என்றாள் டிலுக்சி. "நண்டுக்குக் குடுத்திட்டம்."

"மாட்டையா?"

"மாடு, கோழி, யானை, எல்லாத்தையும்."

"பாம்பையும்" என்றான் நிதுர்ஷன்.

வல்லிபுரம் சேர் வதனியைப் பார்த்தார். வதனி இரவு முழுக்க ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தாள். வாய்க்கு வந்தது வேறு. "சேர், அலங்காரம் எல்லாம் கடற்கரையில இரிக்கு."

"அப்ப நான் கடற்கரைக்கா புள்ளி போடுற?"

"இல்ல சேர். ஒருக்கா வந்து பார்த்திட்டு, சைபரப் போடுங்க."

அவர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்தார். காற்சட்டையை இரண்டு மடிப்பு மடித்தார். டிலுக்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடம்பன் கொடியின் நிழலில் பிள்ளைகள் அன்று காலையிலேயே ஊரிகளைக் குவிக்காமல் பரவலாக வைத்திருந்தார்கள். "கிட்டப் போகக்கூடாது சேர். பயப்படுவாங்க" என்று சொல்லி, அவரைக் குந்த வைத்தார்கள். அவர் குந்தினார். முழங்கால் சத்தம் போட்டது. பாம்பின் தலையாக இருந்த ஊரியைச் சுற்றி மூன்று நண்டுகள் நின்றன. பெரியது ஊரியை அளந்துகொண்டிருந்தது. நடுவிலானது அதற்குப் பின்னால். மிகச் சின்னது எல்லாருக்கும் பின்னால், பொறுமையாக.

"இவங்க ஏன் நிக்கிறாங்க?"

"அவர் போனா அவர்ட வீடு இவருக்கு. இவர் போனா இவர்ட வீடு அவருக்கு" என்று நிதுர்ஷன் குசுகுசுத்தான். "சட்டை மாதிரி."

வதனி சொல்ல வேண்டியதெல்லாம் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உடன் வந்த சாரதி தூரத்தில் நின்று ஹோன் அடித்தான். வல்லிபுரம் சேர் திரும்பாமல் கையை மட்டும் அசைத்தார். அப்போது பெரியது சட்டென்று வெளியே வந்து புது ஊரிக்குள் நுழைந்தது. நடு நண்டு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"போறார்! ஏய், போறார், போறார்! அடுத்தவர்! சின்னவர் எங்க, சின்னவர்!" என்று ஒரு குரல் கத்தியது. பிள்ளைகளின் குரலல்ல அது. சின்னவரும் போனார். வல்லிபுரம் சேர் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். பிறகு சுற்றிப் பார்த்து, தொண்டையைச் செருமி, எழும்பி, மணலைத் தட்டிவிட்டார்.

புள்ளி விஷயத்தில் அவர் நேர்மையானவர். சுவர் அலங்காரத்துக்குச் சுவரில் ஒன்றும் இல்லை, ஆகவே சைபர். அந்த ஆண்டுப் பரிசு வெள்ளை ரெஜிபோம் அட்டையை வெட்டி மிருகக்காட்சிச்சாலை செய்த வேறொரு முன்பள்ளிக்குப் போனது. முடிவு தெரிந்த அன்று வதனி பஸ்ஸில், பாலத்திலிருந்து பட்டினம் வரைக்கும், யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அது உண்மை. செய்ததற்காக வருந்தவில்லை. ஆனாலும் அந்த யானை நல்ல யானை.

தாய்மார் பழையபடி, "புஸ்பம் ரீச்சர் இருந்த நேரம்..." என்று தொடங்கினார்கள். தகப்பன்மார் வேறு விதமாகத் தொடங்கினார்கள். மறுகிழமை வதனி பஸ்ஸால் இறங்கி வரும்போது, தோணிக்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ரதீஸ் எழும்பி நின்று கும்பிட்டார்.

"ரீச்சர், நண்டுக்கெல்லாம் வீட்டுத்திட்டம் வந்திட்டாம். எங்கட பேர் எப்ப ரீச்சர் வரும்? அஞ்சு வருசமா எழுதிக் குடுத்திட்டு இருக்கம்."

"உங்களுக்கு எத்தின கால்?" என்று கேட்டாள் வதனி, நடையை நிறுத்தாமல்.

"ரெண்டு."

"காணாது. பத்துக் கால் உள்ளவங்களுக்குத்தான் முதல்ல."

கரை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு இப்படிப் பதில் சொல்ல வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டுத்திட்ட ரீச்சர் என்று பெயர். பிள்ளைகளைப் பதிய வரும் புதுத் தாய்மார்கூட அப்படித்தான் விசாரித்து வருகிறார்கள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு காலையில், வல்லிபுரம் சேர் அலுவலக வாகனமில்லாமல், தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை மேசையில் வைத்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவிழ்த்தார். உள்ளே ஊரிகள். சின்னது, பெரிசு, பளபளவென்று மினுக்கியவை. எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு பெரிய சங்கு.

"வீட்டு அலுமாரியில சும்மா கிடந்த" என்றார். "திருகோணமலைக்குப் போன நேரம் வாங்கின. என்ட மனிசிக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க."

பிள்ளைகள் அவரைக் கரைக்கு இழுத்துப் போனார்கள். சின்ன ஊரிகளுக்கு இடம் பார்த்து வைத்தார்கள். பெரிய சங்கைக் கொடியின் கீழே வைத்ததும் டிலுக்சி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"இது நல்ல பெரிசு சேர். இஞ்ச இருக்கிற ஆளுகளுக்கு ஏலா."

"அப்ப திருப்பிக் கொண்டு போகவா?"

"வேணாம்" என்றாள் அவள். "வைச்சிட்டுப் போங்க. வளர்ந்தாங்க எண்டா வருவாங்க."